கேள்வி – பதில்: புத்தர் கோயிலுக்குப் போகும் நம் ஊர் ஆசிரியர்களுக்கு

தாய்லாந்துப் பள்ளிகளில் பாடம் நடத்தக் கிளம்புகிறவர்களும், ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் வீட்டாரும் வேலூர் வட்டாரத்திலிருந்து எழுதிய கடிதங்கள் இவை. பலரும் "கோயில்தானே, நமக்குத் தெரியாததா?" என்ற தொனியில் எழுதியிருக்கிறார்கள். முழுக்கப் புதிய இடமென்றால் நாமே ஜாக்கிரதையாக இருப்போம். பாதி தெரிந்த இடத்தில்தான் கால் சறுக்கும்.

என் மகள் பாங்காக்கில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஒரே பகலில் முக்கியமான கோயில்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். எதை முதலில், எதைக் கடைசியில்?
– வாசகி, காட்பாடி

மரகத புத்தர் கோயிலான வாட் ப்ரா கேவ் முதலில். அது அரண்மனை வளாகத்துக்குள் இருக்கிறது. காலை 8.30-க்குத் திறந்து, பிற்பகல் 3.30-க்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட் (தாய்லாந்துப் பணம்). பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிந்துவிடும், 8.15-க்கே வாசலில் நிற்பது நல்லது. சிலை 66 செ.மீ. உயரம்தான், அதுவும் எட்டாத உயரத்தில். பெரிதாக எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கோடை, மழை, குளிர் என்று வருடத்துக்கு மூன்று முறை அதன் பொன்னாடையை மாற்றுவார்கள். நம்மூர் அலங்காரம்போல்தான், ஆனால் மாற்றுகிறவர் அர்ச்சகர் இல்லை, அரசர். சன்னதிக்குள் படம் எடுக்கக் கூடாது.

அங்கிருந்து வாட் போ நடந்துபோகும் தூரம். 300 பாட். சயனக் கோலத்தில் இருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். 1832-ல் தாய்லாந்து அரசர் மூன்றாம் ராமா கட்டியது. பாதங்களில் முத்துச்சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள். கூட்டம் முகத்தருகே தேங்கி நிற்கும், பாதத்துக்கு வரும்போது ஆளுக்கு அவசரம் வந்துவிடும். ரங்கநாதரைத் திருவடி தொடங்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. முதுகுப் பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறைக் காசு வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். கடைசிக் கிண்ணத்துக்கு முன்பே காசு தீர்ந்துபோகிறது என்றால், ஆரம்பத்தில் இரண்டிரண்டாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

மதிய வெயில் தணிந்ததும் தா தியன் படகுத்துறையில் ஆற்றைக் கடந்து வாட் அருண். அதன் படிகள் செங்குத்தானவை. ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். மூன்றுக்கு மேல் ஒரு நாளில் திணிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அரண்மனைக்குப் போகிற வழியில் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து "இன்று மூடியிருக்கிறது, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை வேறு கோயில் காட்டுகிறேன்" என்பார். பக்கத்திலேயே டுக்டுக் வண்டி தயாராக நிற்கும். அது ரத்தினக் கடைக்கும் தையல் கடைக்கும் போகிற வண்டி. வாசல்வரை போய் நம் கண்ணால் பார்க்காமல் மூடியிருப்பதாக யார் சொன்னாலும் நம்பக் கூடாது.

சேலை கட்டிக்கொண்டு போகலாமா? கணவர் வேட்டியில் வரலாமா?
– வாசகி, ஆரணி

சேலைக்குத் தடை இல்லை. ஆனால் ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டு வாட் அருண் படிகளில் இறங்கிப் பார்த்தால் ஏன் வேண்டாம் என்கிறோம் என்று புரியும். ரவிக்கைக்குக் கை இருக்க வேண்டும், முந்தானையை இடுப்பு தெரியாதபடி பின் குத்த வேண்டும். சுடிதார் இன்னும் வசதி. சுடிதாரில் நடக்கிற தவறு ஒன்று: கையில்லாத மேல்சட்டை போட்டு, துப்பட்டாவால் தோளை மூடிக்கொள்வது. சிறிய கோயில்களில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அரண்மனை வாசலில் போர்த்திய துணியை ஒப்புக்கொள்வதில்லை, தைத்த கை வேண்டும். லெக்கிங்ஸ், கிழிசல் ஜீன்ஸ், அரைக்கால் சட்டை எதுவும் அங்கே செல்லாது. நம் ஸ்ரீபுரத்திலும் அரைக்கால் சட்டையோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவார்கள், ஆகவே இது புதிதல்ல.

வேட்டி கணுக்கால்வரை இருந்தால் சரி. மடித்துக் கட்டினால் முழங்கால் தெரியும், அது கூடாது. சட்டையைக் கழற்றுவது மரியாதை என்பது நம் பக்கத்துச் சில கோயில்களின் வழக்கம். தாய்லாந்தில் அப்படிச் செய்தால் காவலர் ஓடி வருவார்.

எத்தனை இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும்?
– வாசகர், ஆம்பூர்

ஷூ ஊரிலிருந்து வந்த கேள்வி! ஒரு பகலில் ஏழெட்டு முறை கழற்ற வேண்டியிருக்கும். லேஸ் கட்டும் ஷூ வேண்டாம். காலை நுழைத்ததும் போகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். நம்மூரில் ராஜகோபுரத்துக்கு வெளியிலேயே விடுவோம். அங்கே வளாகம் முழுக்கச் செருப்போடு நடக்கலாம், ஒவ்வொரு மண்டபத்தின் படியிலும்தான் கழற்ற வேண்டும். மார்ச், ஏப்ரலில் பளிங்குத் தரை கொதிக்கும். அக்னி நட்சத்திரத்தில் ஜலகண்டேசுவரர் கோயில் பிராகாரம் சுற்றியவர்களுக்குத் தெரியும் அந்தச் சூடு. ஒரு ஜோடி பருத்திக் காலுறை பையில் இருக்கட்டும், அதை மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம். வாசற்படியை மிதிக்காமல் தாண்டி வையுங்கள். இதை நம் பாட்டிகளும் சொல்லியிருக்கிறார்கள்.

சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடலாமா? பிக்குகளுக்கு எப்படி வணக்கம் சொல்வது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாலாஜா

சாஷ்டாங்கம் வேண்டாம் ஐயா. நெடுக விழுந்தால் உள்ளங்கால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேராக இருக்கும். அங்கே அது அவமரியாதை. நம் பெண்கள் செய்கிற பஞ்சாங்க நமஸ்காரம்தான் அங்கே ஆண், பெண் எல்லோருக்கும். பெயரே 'பெஞ்சாங்கப்ரதித்': பஞ்ச அங்கம் என்பது அப்படியே காதில் விழும்.

மண்டியிட வேண்டும். ஆண்கள் கால்விரலை ஊன்றி, பெண்கள் பாதத்தைப் படுக்கவைத்து. மார்பருகே கை குவித்து, பெருவிரல் புருவ மத்தியில் படும்வரை உயர்த்தி, குனிந்து, கைகளை விரித்து உள்ளங்கைகளைத் தரையில் வைத்து, இரண்டுக்கும் நடுவில் நெற்றியைத் தரையில் படவையுங்கள். இதுபோல் மூன்று முறை: புத்தருக்கு, தம்மத்துக்கு (அவர் போதனைக்கு), சங்கத்துக்கு (பிக்குகள் கூட்டத்துக்கு). பெற்றோரையும் ஆசிரியரையும் வணங்கும்போது ஒரே முறை, குவித்த கையை விரிக்காமல்.

நின்றபடி கும்பிடுவதை அவர்கள் 'வாய்' என்பார்கள் (உச்சரிப்பு கிட்டத்தட்ட அதுதான், சிரிக்க வேண்டாம்). இதிலும் படிநிலை உண்டு. புத்தர், பிக்குகளுக்குப் பெருவிரல் புருவ மத்தியில். பெற்றோர், ஆசிரியருக்கு மூக்கு நுனியில். மற்றப் பெரியவர்களுக்கு முகவாயில். பிக்கு திருப்பிக் கும்பிட மாட்டார். அதைத் திமிர் என்று எண்ணி வருத்தப்பட்ட நம் ஆட்கள் உண்டு. அவர்களின் ஒழுக்கம் அப்படி.

உட்காரும்போது இரு கால்களையும் ஒரு பக்கமாக மடித்துக்கொள்ள வேண்டும். பழகாதவர்களுக்குப் பத்து நிமிடத்தில் மரத்துப்போகும். வலிக்கும்போது காலை முன்னால் நீட்டிவிடாமல், மறுபக்கம் மாற்றி மடியுங்கள். வலம் வருவது மட்டும் நம்மைப் போலவே, வலப்புறமாக மூன்று சுற்று. தேங்காய், கற்பூரம் கிடையாது. மூன்று ஊதுபத்தி, ஒரு மெழுகுவத்தி, ஒரு தாமரை மொட்டு, தாளில் ஒட்டிய சின்னத் தங்க ரேக்கு, இவைதான் பூஜைப் பொருள். ரேக்கை விரலால் பிய்க்கப் பார்த்தால் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். தாளோடு சிலைமேல் கவிழ்த்து, பின்புறம் தேய்த்துவிட்டுத் தாளை உரியுங்கள்.

அதிகாலையில் பிக்குகளுக்கு அன்னமிடுவதைப் பற்றி மருமகள் எழுதுகிறாள். தானும் செய்ய வேண்டுமாம். முறை என்ன?
– வாசகி, போளூர்

சூரிய உதயத்தை ஒட்டி, ஏறக்குறைய ஆறு மணிக்குப் பிக்குகள் வரிசையாக வெறுங்காலில் வருவார்கள். சந்தைகளில் சோறு, குழம்பு, பழம், தண்ணீர்ப் புட்டி எல்லாம் தனித்தனிப் பையில் கட்டி ஒரு தட்டாக விற்பார்கள். வீட்டில் சமைத்தும் கொடுக்கலாம். அவர்கள் மதியத்துக்கு மேல் சாப்பிடுவதில்லை. அதனால்தான் இவ்வளவு காலையில்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். பிக்கு நின்று பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும், முதலில் சோறு, பிறகு மற்றவை. பாத்திரத்திலும் அவர் கையிலும் படாமல் போட வேண்டும். காசு போடுவது பிக்குகளின் ஒழுக்க விதியான வினயத்துக்கு ஒவ்வாது. போட்டு முடித்துக் குத்திட்டு அமர்ந்து கை குவித்தால் ஆசி ஓதுவார். சுற்றுலா இடங்களில் ஒரு கோளாறு நடக்கிறது. அதே தட்டுகள் மறுபடி கடைக்கே வந்து, அடுத்தவருக்கு விற்கப்படும். சந்தேகமாக இருந்தால் வீட்டுச் சோறே மேல்.

கோயிலில் தானம் முடிந்ததும் நீர் வார்ப்பார்கள். இறந்தவர்களை நினைத்துச் செய்வது, நம் தர்ப்பணத்துக்குப் பக்கத்தில் வரும். சின்னச் செம்பிலிருந்து கிண்ணத்துக்கு, இடைவிடாமல், நூல்போல ஊற்ற வேண்டும். மூத்த பிக்கு 'யதா வாரிவஹா' என்று தனியாக ஓதும்போது தொடங்கி, மற்றவர்கள் 'சப்பீதியோ' என்று சேரும்போது தண்ணீர் தீர்ந்திருக்க வேண்டும். பலர் முதல் வரியிலேயே கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிறகு அந்த நீரை ஒரு மரத்தடியில் ஊற்றிவிடுங்கள்.

மஞ்சள் வாளியில் சாமான் வைத்து விற்கிறார்களே, அதை வாங்கிக் கொடுக்கலாமா?
– அதே வாசகி

அதற்குச் 'சங்கதான்' என்று பெயர், சங்கத்துக்குத் தானம். கொடுக்கலாம், ஆனால் கடையில் கட்டிவைத்த வாளி எங்களுக்கு உடன்பாடில்லை. மேலே நிறைந்து தெரியும், அடியில் காகிதம் சுருட்டி வைத்திருக்கும். சோப்புத்தூளும் தேயிலையும் ஒரே வாளியில் மாதக்கணக்கில் கிடந்து, தேநீரில் சோப்பு வாசம் அடிக்கும். டார்ச் விளக்கின் பேட்டரி கசிந்திருக்கும். துண்டு குழந்தைக்குக்கூடப் பற்றாது.

வெறும் வாளியை வாங்கி நீங்களே நிரப்புங்கள். ஒரு கிலோ அரிசி, பற்பசை, பல் துலக்கி, சவர பிளேடு, தலைவலி மாத்திரை, நோட்டும் பேனாவும். சோப்பு வகைகள் தனிப் பையில். உணவுப் பொருள் இருந்தால் காலை பதினோரு மணிக்குள் கொடுத்துவிடுங்கள். பெண்கள் கொடுக்கும்போது பிக்கு ஒரு துணியை விரிப்பார். அதன் ஓரத்தை அவர் பிடித்திருக்க, நீங்கள் துணிமேல் வைக்க வேண்டும். நேராகக் கையில் நீட்டினால் அவருக்குத் தர்மசங்கடம்.

பள்ளியில் 'வாய் க்ரூ' என்று ஒரு நாள் வருகிறதாமே, ஆசிரியர்களுக்குப் பூஜையா?
– வாசகர், குடியாத்தம்

'க்ரூ' என்பது நம் குருதான். பள்ளி ஆண்டு மே மாதம் தொடங்கியதும், பெரும்பாலும் ஜூனில் ஒரு வியாழக்கிழமை நடத்துவார்கள். வியாழன் குருவின் நாள் என்பது நமக்கும் தெரியும். தாய் மொழியில் அந்தக் கிழமையின் பெயரே பிரகஸ்பதியிலிருந்து வந்தது. மாணவர்கள் மண்டியிட்டு வந்து பூத்தட்டுக் கொடுப்பார்கள். தட்டில் என்னென்ன என்று பாருங்கள்: அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ. புல்போல அறிவு படர வேண்டும். இட்லிப்பூவுக்கு அங்கே பெயர் 'கெம்', அதாவது ஊசி. ஊசிபோலப் புத்தி கூர்மையாக வேண்டும். கத்தரிப்பூ தலை குனிந்து பூக்கும், அது பணிவு. மூன்றும் குடியாத்தத்தில் வேலியோரம் கிடைக்கிறவை.

நீங்கள் நாற்காலியில் அமர்ந்திருந்து இரு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். கூச்சப்பட்டு எழுந்து நின்றுவிடாதீர்கள். மொத்த வரிசையும் குழம்பிவிடும். ஆசி சொல்லும்போது குழந்தையின் தலையில் கை வைக்க நம் கை தானாகப் போகும். அங்கே தலை மிகவும் மரியாதைக்குரியது, கண்டவர் தொடுவதில்லை. மற்ற ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதன்படி நடப்பது உத்தமம்.

ஏப்ரல் விடுமுறையில் என் மகளின் வகுப்புப் பையன்கள் சிலர் மொட்டையடித்துச் சாமியாராகிவிட்டார்களாம். அவள் போய்ப் பார்க்க வேண்டுமாம். பயமாக இருக்கிறது.
– வாசகி, செய்யாறு

பயப்பட ஒன்றும் இல்லை அம்மா. கோடை விடுமுறையில் சில வாரங்களுக்குச் சாமணேரர், அதாவது இளந்துறவி, ஆகித் திரும்பி வருவது அங்கே சாதாரணம். பள்ளி திறக்கும்போது பையன் பழையபடி பந்து விளையாடிக்கொண்டிருப்பான்.

ஆனால் காவி உடுத்தியிருக்கும் நாட்களில் முறை தலைகீழ். டீச்சர்தான் முதலில் கும்பிட வேண்டும், அவன் திருப்பிக் கும்பிட மாட்டான். பத்து வயதானாலும் பெண் ஆசிரியர் அவனைத் தொடக் கூடாது, தோளில் தட்டிக்கொடுக்கக் கூடாது, பக்கத்தில் நெருங்கி நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவனைவிட உயரமான இடத்தில் அமரவும் கூடாது. பரிசு கொண்டுபோனால் துணிமேல் வைக்க வேண்டும், அல்லது கூட வந்த ஆண் ஒருவர் கையால் கொடுக்கச் சொல்லலாம். மதியத்துக்கு மேல் தின்பண்டம் கொண்டுபோகாதீர்கள். பாவம், பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். பள்ளியோடு கோயிலுக்குப் போனால் கட்டாயம் விழுந்து வணங்க வேண்டுமா?
– வாசகி, சத்துவாச்சாரி

வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பின்வரிசையில் காலை மடித்து அமைதியாக உட்கார்ந்தால் போதும். எல்லோரும் குனியும்போது தலை தாழ்த்தி இருங்கள். பிக்குவைப் பார்த்துக் கை குவிப்பதைப் பெரியவருக்குச் சொல்கிற வணக்கமாக எடுத்துக்கொள்ளலாம். ஊதுபத்தியை நீட்டினால் சிரித்த முகத்தோடு பக்கத்து ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம். முன்னாலேயே துறைத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது அவசியம். அன்றைக்குக் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருப்பதுதான் சங்கடம். வாணியம்பாடியிலிருந்து எழுதிய இஸ்லாமிய வாசகருக்கும் இதே பதில்.

காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தேசிய கீதம் ஒலிக்கும். எந்த மதமானாலும் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். கீழே விழுந்து உருளும் காசைக் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள், அதில் அரசர் படம் இருக்கிறது.

புத்தர் கோயில் என்றால் சைவச் சாப்பாடு கிடைக்கும்தானே?
– வாசகர், ராணிப்பேட்டை

கிடைக்காது. அங்கே இருப்பவர்கள் தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவின் பிக்குகள்; கொடுத்ததைச் சாப்பிடுவார்கள், அதில் மாமிசமும் உண்டு. காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறு ஊற்றியிருக்கும். 'ஜே', அதாவது முழுச் சைவம், என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகள்தான் அவை. அங்கே பூண்டு, வெங்காயம், முட்டை, பால் எதுவும் சேராது. பால் விட்ட தேநீருக்கு வேறு கடை பார்க்க வேண்டியதுதான்.

பெண்கள் போகக் கூடாத கோயில்கள் உண்டா?
– வாசகி, திருப்பத்தூர்

பாங்காக்கில் பொதுவாகத் தடை இல்லை. வடக்கே சியாங் மாய் பக்கம் சில மண்டபங்களுக்கு உண்டு. வாட் செடி லுவாங் வளாகத்தில் நகரத் தூண் இருக்கும் சிறு மண்டபத்துக்குள் பெண்களை விடுவதில்லை, பலகையே வைத்திருக்கிறார்கள். கோயிலின் மற்ற இடங்களுக்குப் போகலாம்.

என் தம்பி கண்டியில் வேலை செய்கிறான். தலதா மாளிகைக்குப் போனால் புத்தரின் பல்லைப் பார்க்க முடியுமா?
– வாசகர், தோட்டப்பாளையம்

வழக்கமான நாட்களில் பல்லைப் பார்க்க முடியாது. பூஜை நேரத்தில் கதவு திறக்கும்போது, அது இருக்கும் பொன் பேழையைச் சில நொடிகள் பார்க்கலாம். காலை 5.30, 9.30, மாலை 6.30 மணிக்குப் பூஜை. மேளம் தொடங்கும் முன்பே மாடியில் வரிசையில் நின்றுவிட வேண்டும். வெள்ளை உடை உத்தமம். நம்மைப் போன்ற சார்க் (தெற்காசிய) நாட்டினருக்குக் கட்டணம் குறைவு, அதற்குப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தால் அங்கே கடுமையாக எடுத்துக்கொள்வார்கள். புத்தரைப் பச்சை குத்தியவர்களை நாட்டைவிட்டே அனுப்பியிருக்கிறார்கள்.

மாளிகைக்கு முன்னால் தம்பி பார்க்கிற ஏரியை 1807-ல் உருவாக்கியவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். ஆங்கிலேயர் 1815-ல் பிடித்து, மறு ஆண்டு கொண்டுவந்து அடைத்தது உங்கள் வேலூர்க் கோட்டையில்தான். 1832-ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவர் சமாதி. பக்கத்திலேயே இருக்கிறது, தம்பி ஊருக்கு வரும்போது கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜப்பானில் கோயிலில் கை தட்ட வேண்டுமாமே?
– வாசகர், ஆற்காடு

அது ஜப்பானின் பழைய மதமான ஷிந்தோவின் ஆலயத்தில்: இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை தட்டி, மறுபடி ஒரு முறை குனிவார்கள். புத்தர் கோயிலில் தட்டக் கூடாது, ஓசையில்லாமல் கை குவித்தால் போதும். நுழைவாயிலில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அகப்பையால் முதலில் இடக்கை, பிறகு வலக்கை, பிறகு இடக்கையில் நீர் விட்டு வாய் கொப்பளித்துத் தொட்டிக்கு வெளியே துப்ப வேண்டும். அகப்பையை நேராக வாயில் வைக்கக் கூடாது. காணிக்கைக்கு ஐந்து யென் காசு விசேஷம். 'கோயென்' என்ற அதன் பெயருக்கு நல்ல தொடர்பு என்றும் பொருள்.

வீட்டு வரவேற்பறைக்கு ஒரு புத்தர் சிலை வாங்கி வரச் சொன்னேன். விமான நிலையத்தில் பிடிப்பார்களா?
– வாசகி, வேலூர்

தாய்லாந்திலிருந்து புத்தர் சிலையை வெளியே கொண்டுவர அவர்களின் நுண்கலைத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். புதுச் சிலையானாலும் சரி. சிலையின் படங்கள், பாஸ்போர்ட் நகலோடு விண்ணப்பிக்க வேண்டும். உடனே கிடைக்காது, ஆகவே கிளம்பும் வாரத்தில் சிலை வாங்கக் கூடாது. நல்ல கடைக்காரர்கள் அவர்களே வாங்கித் தருவார்கள், பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும். கழுத்தில் அணியும் சிறு தாயத்துக்குச் சிக்கல் இல்லை. தலை மட்டும் உள்ள சிலை அலங்காரத்துக்கு அழகாக இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். புத்தரின் தலையைத் தனியாக வெட்டி மேசையில் வைப்பது அங்கே மனத்தைப் புண்படுத்துகிற காரியம். அதை மட்டும் கேட்காதீர்கள்.